கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் பேக்கப்: மேக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேக் லேப்டாப்பை இத்தனை நாள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வந்தவர்கள், அதை வீட்டு வைஃபைக்கு மாற்ற நினைக்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று பல வீடுகளில் இந்த மாற்றத்தை உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன். மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதியான ஆப்பிளின் டைம் மெஷினைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். விண்டோஸ்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

என் ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு மாற்ற வேண்டும்?

டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை எடுத்துச் செருக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

என் அக்கா பள்ளி ஆசிரியை. அவருக்கு நல்ல டிஸ்க் ஒன்று வாங்கி, டைம் மெஷினில் இணைத்து, "வாரம் ஒரு தடவை செருகுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் மாதம் செருகினார். பிறகு தேர்வு வந்தது, விடைத்தாள் திருத்தல் வந்தது, டிஸ்க் பீரோவுக்குள் போனது. பல நாளாக பேக்கப் இல்லை என்று மேக் அவ்வப்போது அறிவிப்பு காட்டியிருக்கிறது. அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் மேசையில் இருந்த காபி கீபோர்டில் கவிழ்ந்தது. பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால், கடைசி பேக்கப் ஐந்து மாதத்துக்கு முந்தையது. அந்த ஐந்து மாதத்தில் அவர் தயாரித்த பாடக்குறிப்புகள் எதுவும் திரும்ப வரவில்லை.

வைஃபை பேக்கப் கேபிளைவிட வேகமானது அல்ல, பல வீடுகளில் அதைவிட மெதுவானதும்கூட. ஆனால் அதற்கு உங்கள் ஞாபகம் தேவையில்லை. இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

டைம் மெஷின் சரியாக என்னதான் செய்கிறது?

2007-இல், மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் லெப்பர்டு பதிப்போடு வந்தது. முதல் தடவை எல்லாவற்றையும் நகலெடுக்கும். அதன் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்தால் பழையதிலிருந்து அழித்துக்கொண்டு வரும். வென்ச்சுரா பதிப்பில் இருந்து, மணிக்கு ஒரு முறையா, தினமுமா, வாரம் ஒரு முறையா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

வைஃபைக்கு மாற நான் என்ன வாங்க வேண்டும்?

வாங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எப்போதும் ஓரிடத்தில் இருக்கும் இன்னொரு மேக், பழைய மேக் மினியோ ஐமேக்கோ, இருந்தால் ஒன்றும் வாங்க வேண்டாம். 2017-இல் வந்த ஹை சியராவில் இருந்து எந்த மேக்கையும் பேக்கப் இடமாக மாற்றலாம். உங்கள் யுஎஸ்பி டிஸ்க்கை அதில் நிரந்தரமாகச் செருகி வைத்தால் போதும். அந்த மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் என்று போய் ஃபைல் ஷேரிங்கை இயக்குங்கள். ஒரு ஃபோல்டரைச் சேர்த்து, அதன் பெயர் மேல் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்தால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வரும். அதில் டைம் மெஷின் பேக்கப் இடமாகப் பகிர்வதற்கான கட்டத்தை டிக் செய்யுங்கள். எத்தனை ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பையும் அங்கேயே வைத்துவிடலாம். அந்த மேக் தூங்கிப்போனால் பேக்கப் நடக்காது. நெட்வொர்க்கில் யாராவது தேடினால் விழித்துக்கொள்ளும் அமைப்பு அதன் எனர்ஜி பகுதியில் இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள்.

அப்படி ஒரு மேக் இல்லையென்றால் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க் பெட்டி. சினாலஜி, க்யூநாப் போன்றவை. ரவுட்டர் பக்கத்திலேயே கேபிளில் இருக்கும், உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க் சுழலும். விலை கொஞ்சம் கூட. வீட்டில் இரண்டுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் இருந்தால்தான் அந்தப் பணம் கொடுக்கத் தகும் என்பது என் கருத்து. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பி வழியாக டைம் மெஷினை ஆதரிக்கிறதா? ஆம் என்றால் போதும்.

ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் டிஸ்க்கைச் செருகினால் ஆகாதா?

பெரும்பாலான ரவுட்டர்களில் அந்தத் துளை டிவியில் படம் பார்ப்பதற்கும், ஃபைல் பகிர்வதற்கும் மட்டும்தான். மேக்கின் ஃபைண்டரில் டிஸ்க் தெரியும், டைம் மெஷின் பட்டியலில் தெரியாது. டைம் மெஷின் என்று பெயர் சொல்லியே வசதி கொடுக்கும் ரவுட்டர்களும் உண்டு. உங்களுடையதின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் நான் இந்த வழியை அதிகம் பரிந்துரைப்பதில்லை. ரவுட்டரின் சின்ன ப்ராசசர் இணையத்தையும் பார்த்துக்கொண்டு பேக்கப்பையும் எழுதும்போது திணறுகிறது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கின் கரண்ட்டும் பட்டென்று போகிறது.

என்னிடம் பழைய டைம் கேப்ஸ்யூல் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

ரவுட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக இருக்கும் ஆப்பிளின் பெட்டி அது, 2008-இல் வந்த பொருள். 2018 ஏப்ரலில் ஆப்பிள் நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கே வயதாகியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது பேசும் மொழி. ஏஎஃப்பி என்ற ஆப்பிளின் பழைய முறையும், எஸ்எம்பியின் முதல் பதிப்பும்தான் அதற்குத் தெரியும். ஏஎஃப்பி வருங்காலப் பதிப்பில் நீக்கப்படும் என்று ஆப்பிள் மேக்ஓஎஸ் 15.5-இலேயே சொல்லிவிட்டது. எஸ்எம்பியின் முதல் பதிப்போ, 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது புகுந்து வந்த வாசல். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் டைம் கேப்ஸ்யூலில் தொடங்க வேண்டாம். அதில் ஏற்கெனவே பேக்கப் வைத்திருப்பவர், இப்போதே வேறிடத்தில் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.

வைஃபையில் பேக்கப் எடுத்தால் என் இன்டர்நெட் டேட்டா தீர்ந்துவிடுமா?

தீராது. லேப்டாப்பில் இருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரில் இருந்து நாஸுக்கும் போவது எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் பேக்கப் நடக்கும். அதே காரணத்தால், நீங்கள் மாதம் கட்டும் பிராட்பேண்ட் திட்டம் 50 எம்பிபிஎஸ்ஸா 300-ஆ என்பதற்கும் பேக்கப் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் பேக்கப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நிறைய பேர் இங்கேதான் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே கணக்கைப் பொறுமையாகவே போடுவோம்.

உங்கள் மேக்கில் 280 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் நொடிக்கு 30 எம்பி எளிதாகக் கிடைக்கலாம். அந்தக் கணக்கில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அடுத்த அறையில், 2.4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 5 எம்பிதான் வருகிறது என்றால் பதினைந்தரை மணி நேரம். ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கிகாபிட் ஈதர்நெட் கேபிள் போட்டால் நொடிக்கு 110 எம்பி வரை போகும், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

இதெல்லாம் காகிதக் கணக்கு. நிஜத்தில் இதைவிடப் பல மடங்கு ஆகும். இரண்டு காரணங்கள். உங்கள் 280 ஜிபி ஒரே பெரிய ஃபைல் அல்ல, லட்சக்கணக்கான சிறு ஃபைல்கள், ஒவ்வொன்றுக்கும் போய்வர நேரம் பிடிக்கிறது. இன்னொன்று, நீங்கள் செய்யும் வேலை தடைபடக் கூடாது என்பதற்காக மேக்ஓஎஸ் தானே பேக்கப்பின் வேகத்தை அடக்கி வைக்கிறது. திரையில் "இன்னும் 2 நாள்" என்று காட்டினால் பயப்படாதீர்கள். அந்த மதிப்பீடு மணிக்கொரு தரம் மாறும்.

நான் எல்லா வீட்டிலும் செய்வது இதுதான்: முதல் பேக்கப்பை மட்டும் ஈதர்நெட் கேபிளில் எடுக்கிறேன். 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் இருந்தே ஆப்பிள் லேப்டாப்புகளில் ஈதர்நெட் துளை போய்விட்டது, ஆகவே யுஎஸ்பி-சியில் செருகும் கிகாபிட் அடாப்டர் ஒன்று பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செருகி, சார்ஜரையும் போட்டு, மூடியைத் திறந்தபடியே விட்டால் பெரும்பாலும் காலையில் முடிந்திருக்கும். பிறகு கேபிளைக் கழற்றிவிடலாம். அதே பேக்கப்பை வைஃபையில் அது தானாகத் தொடரும், மறுபடி முதலில் இருந்து தொடங்காது. மணிக்கு மணி மாறுவது சில நூறு எம்பிதான் என்பதால் சாதாரண வைஃபையே போதும்.

ஒன்று கவனியுங்கள். இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் சில ரவுட்டர்களில் ஈதர்நெட் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான். அதில் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போகாது. நல்ல வைஃபை அதைவிட வேகம்.

என் வைஃபை பேக்கப்புக்குப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை சின்னத்தை க்ளிக் செய்யுங்கள். சேனல் என்ற வரியில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். டிஎக்ஸ் ரேட் என்ற வரியில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் பாதி அளவுக்குக் கிடைத்தாலே நல்லது, அதை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி என்று வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வழக்கமாக வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஹாலில் 866 காட்டியது, ஒரு செங்கல் சுவரும் ஓர் இரும்பு பீரோவும் தாண்டியதும் 100-க்குக் கீழே இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பீரோவை நகர்த்த முடியாவிட்டாலும் ரவுட்டரை டிவிக்குப் பின்னால் இருந்து எடுத்து உயரத்தில் வைக்கலாமே.

பழைய டிஸ்க்கில் மூன்று வருஷப் பேக்கப் இருக்கிறது. அதை அப்படியே நெட்வொர்க்குக்கு மாற்ற முடியுமா?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகச் செருகிய டிஸ்க்கில் டைம் மெஷின் எழுதும் விதம் வேறு, நெட்வொர்க்கில் எழுதும் விதம் வேறு. 2020-இல் வந்த பிக் சர் முதல், செருகிய டிஸ்க்கில் ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் டிஸ்க் வடிவத்தில், அந்தந்த நேரத்து நிலையைக் காட்டும் ஸ்னாப்ஷாட்களாக எழுதுகிறது. நெட்வொர்க்கிலோ ஸ்பார்ஸ்பண்டில் என்ற ஒரு பெட்டியைச் செய்து, அதற்குள்தான் எல்லாவற்றையும் வைக்கிறது. நாஸின் ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் மேக்கின் பெயரில் ஒரே ஒரு பொருள் தெரியும். அதற்குள் எட்டிப் பார்த்தால் போட்டோவோ கடிதமோ இருக்காது, எண்ணும் எழுத்துமாகப் பெயர் கொண்ட பல்லாயிரம் துண்டுகள்தான் இருக்கும். அந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு டிஸ்க் போல மேக் படித்துக்கொள்ளும். இழுத்துப் போட்டு நகலெடுத்தால் ஒன்று இன்னொன்றாக மாறாது.

ஆகவே நெட்வொர்க்கில் புதிதாகத் தொடங்குங்கள், பழைய டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள். மேலே தேதி எழுதிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபைல் வேண்டும் என்றால் அதைச் செருகித் தேடலாம். ஒரு வருஷம் கழித்தும் தேடத் தேவை வரவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

அந்த டிஸ்க்கையே மேக் மினியில் செருகி நெட்வொர்க்கில் பகிர்ந்தால்? புது டிஸ்க் வாங்க மனமில்லை.

ஏபிஎஃப்எஸ் டிஸ்க்காக இருந்து, காலியிடமும் இருந்தால் செய்யலாம். பேக்கப் இருக்கும் வால்யூமை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியைத் தொடாமல், டிஸ்க் யுடிலிட்டியில் அதே டிஸ்க்கில் இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் சேர்த்து, அதில் ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள். இரண்டு வால்யூமும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் பழையதும் புதியதும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், அந்த டிஸ்க் போகும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். மனம் வைத்து ஒரு புது டிஸ்க் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எத்தனை டெராபைட் வேண்டும்?

மேக்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 512 ஜிபி மேக்குக்கு 1 டெராபைட். இரண்டு மேக் என்றால் இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்குங்கள். நாஸில் ஒவ்வொரு மேக்குக்கும் தனிப் பயனர் கணக்கும் தனி வரம்பும் வைத்துவிடுங்கள். வரம்பு இல்லாவிட்டால் டைம் மெஷின் கிடைத்த இடத்தை எல்லாம் நிரப்பும், உங்கள் குடும்பப் படங்களுக்கு நாஸில் இடம் இருக்காது.

மேக்கில் என்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், டைம் மெஷின். கூட்டல் குறியைத் தட்டினால் நாஸோ பகிர்ந்த மேக்கோ பட்டியலில் தெரியும். தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பழைய டிஸ்க்குக்குப் பதிலாகவா, அதனோடு சேர்த்தா என்று கேட்டால் சேர்த்து என்று சொல்லுங்கள். 2012-இன் மவுன்டன் லயனில் இருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாறி மாறி எழுத டைம் மெஷினுக்குத் தெரியும்.

பட்டியலில் தெரியவே இல்லையா? லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பவருக்கு வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளைப் பெரும்பாலும் ரவுட்டர் காட்டாது. நான் பார்த்த வீடுகளில் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

என்க்ரிப்ட் செய்யவா, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டவா என்று கேட்கிறதே?

செய்யுங்கள். நாஸைத் திறக்க முடிந்தவர் எல்லாரும் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், பின்னால் மனம் மாறினால் புது பேக்கப்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு பாஸ்வேர்ட் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று நாஸுக்குள் நுழைய. இன்னொன்று பேக்கப்பைத் திறக்க. முதலாவது மறந்தால் நாஸில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது மறந்தால் யாராலும் திறக்க முடியாது, ஆப்பிளாலும் முடியாது. அந்தப் பாஸ்வேர்ட் மேக்கிலேயே சேமிக்கப்பட்டிருப்பதால் தினமும் கேட்காது, மேக் தொலைந்த அன்றுதான் கேட்கும். ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். இன்றே.

மூடியை மூடினால், பேட்டரியில் ஓடினால், வெளியூர் போனால்?

சார்ஜர் செருகியிருந்தால் மூடியிருக்கும்போதும் பேக்கப் எடுக்கும். இன்டெல் மேக்கில், தூக்கத்திலும் இத்தகைய வேலைகளைச் செய்யவிடும் பவர் நேப் இயங்கியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது எடுக்காது. டைம் மெஷினின் ஆப்ஷன்ஸில் பேட்டரியிலும் எடுக்கச் சொல்லும் ஒரு பொத்தான் இருக்கிறது, எப்போதும் சோபாவிலேயே வேலை செய்பவர் அதை இயக்குவது அவசியம்.

வெளியூரில் இருக்கும்போது மேக் தன் உள்ளேயே மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்து 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். தவறி அழித்த ஃபைல் அதில் கிடைக்கும். லேப்டாப்பே திருட்டுப் போனால் அதுவும் கூடவே போகும். பயணம் ஒரு வாரத்துக்கு மேல் என்றால் யுஎஸ்பி டிஸ்க்கை எடுத்துப் போங்கள், ஆனால் லேப்டாப் பையிலேயே வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

நடுவில் கரண்ட் போனால்?

கேபிளில் இருந்து வைஃபைக்கு வரும்போது புதிதாகச் சேரும் ஆபத்து இது. யுஎஸ்பி டிஸ்க் லேப்டாப்பின் பேட்டரியில் ஓடியது, கரண்ட் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. நாஸ் அப்படியல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஸ்பார்ஸ்பண்டிலின் துண்டுகள் பாதியில் நின்றுவிடும். நாஸுக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் போடுங்கள். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருந்தால் நாஸோடு சேர்த்துவிடுங்கள். பேட்டரி தீரப் போகிறது என்று யுபிஎஸ் சொல்ல, நாஸ் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரில் அந்த ப்ளக் பாயிண்ட் இருக்கிறது என்றாலும், கரண்ட் மாறும் அந்தக் கணத்தில் நாஸ் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரு தடவை மெயினை அணைத்துப் பாருங்கள்.

"நம்பகத்தன்மைக்காகப் புதிய பேக்கப் தொடங்க வேண்டும்" என்று ஒரு செய்தி வருகிறது. ஓகே கொடுக்கலாமா?

நில்லுங்கள். நெட்வொர்க் பேக்கப்பை டைம் மெஷின் அவ்வப்போது சரிபார்க்கும். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டால் இந்தச் செய்தியைக் காட்டும். புதிய பேக்கப் தொடங்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினால் பழைய வரலாறு முழுவதும் அழிந்துவிடும். அதற்கு முன் பின்னால் பார்த்துக்கொள்கிறேன் என்பதை அழுத்திவிட்டு, யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி ஒரு முழு பேக்கப் எடுங்கள். நாஸில் இடம் இருந்தால் அந்த ஸ்பார்ஸ்பண்டிலுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், கெட்டுப்போனதில் இருந்தும் சில சமயம் ஃபைல்களை மீட்க முடிகிறது. பிறகு ஓகே கொடுங்கள்.

இது அடிக்கடி வந்தால் காரணம் பெரும்பாலும் மின்தடையோ, பேக்கப் நடுவில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவதோதான். கிளம்பும் முன் மேலே உள்ள டைம் மெஷின் சின்னத்தில் இந்த பேக்கப்பைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு, அது நிற்கும் வரை காத்திருந்து மூடுங்கள்.

அப்படியானால் யுஎஸ்பி டிஸ்க்கைத் தூக்கிப் போட முடியாது, அப்படித்தானே?

ஆமாம், வைத்திருங்கள். நெட்வொர்க்கில் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும் பேக்கப்பை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் எட்டும். இடி விழுந்தால் ஒரே ப்ளக் போர்டில் இருக்கும் எல்லாம் போகும். நாஸில் இரண்டு டிஸ்க்கை, இரண்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு முறையில் போட்டிருக்கிறேனே என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்களே தவறாக அழித்ததை இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றும் நல்ல கணக்கு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப் ஒன்று, நாஸ் இரண்டு, யுஎஸ்பி டிஸ்க் மூன்று. மாதம் ஒரு தடவை டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அதை அலுவலக மேசையிலோ அம்மா வீட்டிலோ விட்டு வையுங்கள். செருகக் கழற்ற சோம்பலாக இருக்கிறது என்பவர்களுக்கும் மாதம் ஒரு தடவை முடியும்.

ஐக்ளவுட் இருக்கிறதே, அது போதாதா?

ஐக்ளவுட் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்கானது. போனில் அழித்தால் மேக்கிலும் அழியும். அழித்ததை 30 நாள் வரைதான் திரும்ப எடுக்கலாம். அதைவிட முக்கியமானது: மேக்கில் இடத்தை மிச்சப்படுத்தும் ஆப்டிமைஸ் அமைப்பு இயங்கினால், பழைய படங்களின் மூலப் பிரதி ஐக்ளவுடில் மட்டும்தான் இருக்கும். மேக்கில் இல்லாததை டைம் மெஷினால் எடுக்க முடியாது. பத்து வருஷப் படம் பேக்கப்பில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவர் வீட்டில், நாஸில் இருந்தது சில மாதப் படங்கள்தான் என்று கண்டேன். போட்டோஸ் செட்டிங்கில் மூலப் படங்களை மேக்குக்கே இறக்கச் சொல்லுங்கள். மேக்கில் இடம் போதாதென்றால் லைப்ரரியை ஒரு வெளி டிஸ்க்கில் வைத்து, அந்த டிஸ்க்கையும் டைம் மெஷின் விலக்கப்பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் இருக்கிறது.

அதே நாஸில் தனி ஃபோல்டர், தனிப் பயனர். விண்டோஸ் 8-இல் வந்த ஃபைல் ஹிஸ்டரி கன்ட்ரோல் பேனலில் இன்னும் இருக்கிறது, நெட்வொர்க் இடத்தைக் கொடுத்தால் மணிக்கொரு தரம் உங்கள் டாக்குமெண்ட், படங்கள், டெஸ்க்டாப்பை எழுதும். தேதியோடு சாதாரண ஃபைலாகவே வைப்பதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். விண்டோஸையும் ப்ரோகிராம்களையும் அது எடுக்காது.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

தானாக நடக்கும் ஒன்று தானாகவே நின்றும் போகலாம். நாஸின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருப்பார்கள், மேக்ஓஎஸ் புதுப்பித்திருப்பீர்கள், நாஸின் வரம்பு நிறைந்திருக்கும். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டைம் மெஷின் சின்னத்தைத் தட்டி கடைசி பேக்கப் எப்போது என்று பாருங்கள். ஆப்ஷன் கீயை அழுத்தியபடி தட்டினால் பேக்கப்பைச் சரிபார்க்கும் வரியும் தெரியும், அதையும் ஓட விடுங்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். உண்மையான ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்கள். நான் செய்வது: வீட்டு வரி ரசீது பிடிஎஃப் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து டைம் மெஷினுக்குள் நுழைவேன். ஓரத்தில் உள்ள கோடுகளில் போன மாதத் தேதி ஒன்றுக்குப் போவேன். நெட்வொர்க் என்பதால் ஜன்னல்கள் தெளிவாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்திருப்பேன். ரசீதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் அழுத்துவேன். ஏற்கெனவே இருக்கிறது என்று கேட்கும், இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். திரும்பி வந்ததைத் திறந்து எண்கள் தெரிகிறதா என்று படிப்பேன். படித்த பிறகுதான் அந்த மாதத்துக்கு நிம்மதி.

லேப்டாப்பே போய்விட்டது. புது மேக் வாங்கிவிட்டேன். நாஸில் இருப்பதை எப்படிக் கொண்டுவருவது?

புது மேக்கை முதன்முதலில் இயக்கும்போதே, பழைய மேக்கில் இருந்தோ டைம் மெஷினில் இருந்தோ எடுக்கவா என்று கேட்கும். தவறவிட்டால் மைக்ரேஷன் அசிஸ்டன்ட்டைத் திறந்து அதையே செய்யலாம். வைஃபையில் சேர்ந்து, நாஸைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டு பாஸ்வேர்டையும் வரிசையாகக் கொடுங்கள். புது மேக்கின் மேக்ஓஎஸ் பழையதைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் தகராறு செய்யும்.

முழு மேக்கையும் மீட்பது முதல் பேக்கப்பைப் போலவே பெரிய வேலை, இந்தத் தடவை எதிர்த்திசையில். முதல் நாள் பயன்படுத்திய ஈதர்நெட் அடாப்டரை மறுபடி எடுங்கள். எல்லாவற்றையும் விட முதலில், நாளைக் காலைக்குத் தேவையான நாலு ஃபைலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது: ஃபைண்டரில் நாஸோடு இணைந்து, உங்கள் பழைய மேக்கின் பெயரில் உள்ள ஸ்பார்ஸ்பண்டிலை இருமுறை க்ளிக் செய்து, பாஸ்வேர்ட் கொடுங்கள். ஒரு டிஸ்க் போலத் திறக்கும், கடைசித் தேதியிட்ட ஃபோல்டருக்குள் உங்கள் ஃபைல்கள் இருக்கும். அக்காவின் இப்போதைய லேப்டாப்பை வைத்து இதை ஒரு தடவை ஒத்திகை பார்த்தோம். அவர் தேர்ந்தெடுத்தது பத்தாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றை, பூட்டைத் திறந்து கையில் வர எங்களுக்கு நாலு நிமிடம் ஆனது.